டைப் 1 சர்க்கரை உள்ள 9 வயது மகளுக்கு எச். பைலோரி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்: இப்போதே மருந்து கிட் தொடங்கலாமா?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

மகளுக்கு 9 வயது, எடை 27 கிலோ. டைப் 1 சர்க்கரை. மூன்று வேளை ரெகுலர் இன்சுலின், ராத்திரி கிளார்ஜின் (நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின்). தைராய்டு மாத்திரை தினமும் காலை வெறும் வயிற்றில். ரத்தசோகை ரொம்ப நாளாக விடவில்லை. ஹீமோகுளோபின் 8.9, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 66, சிவப்பணு 41 லட்சம், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 6. மூன்று மாதம் இரும்பு டானிக் குடித்த பிறகும் ஹீமோகுளோபின் 9.1 தான். பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. மலத்தில் முட்டையோ ரத்தமோ இல்லை.

சாப்பிட்டதும் மேல்வயிறு வலிக்கிறது என்று சொல்கிறாள். அதற்காக ஒரு மாதமாக ஓமெப்ரசோல் (வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை) 20 மி.கி. காலையில் போகிறது. இப்போது எச். பைலோரி (இரைப்பையில் தங்கும் பாக்டீரியா) இருக்கிறதா என்று ரத்தத்தில் ஐஜிஜி எடுத்துப் பார்த்ததில் பாசிட்டிவ். கிருமியை அழிக்கும் ஏழு நாள் மருந்து கிட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை.

கேட்க நினைப்பது இதுதான். ரத்தசோகைக்கும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 9.4-இல் நிற்பதற்கும் இந்தக் கிருமிதான் காரணமா? இந்த ரிப்போர்ட்டை வைத்தே கிட் கொடுக்கலாமா? கொடுத்தால் வாந்தி, பேதி வரும் என்கிறார்கள். இன்சுலின் போடும் குழந்தைக்கு அதை எப்படிச் சமாளிப்பது?

---

குடல்நல மருத்துவர் (குழந்தைகள் இரைப்பை-குடல் பிரிவு) எழுதியது:

கிட்டைப் பிரிக்க வேண்டாம். இந்த ரிப்போர்ட் சிகிச்சை தொடங்கப் போதாது.

ஐஜிஜி என்ற ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் புரதம்), உடம்பு அந்தக் கிருமியை எப்போதோ பார்த்திருக்கிறது என்பதற்கான அடையாளம். கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். கிருமி இருந்தும் ஐஜிஜி ஏறாத குழந்தைகளும் உண்டு. அதனால்தான் ரத்தம், எச்சில், சிறுநீர் எதில் எடுத்தாலும் ஆன்டிபாடி பரிசோதனையை வைத்துக் குழந்தைகளுக்கு முடிவெடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. பெரியவர்களுக்குச் செய்கிற 'பரிசோதித்தோம், இருக்கிறது, மருந்து கொடுத்தோம்' என்ற முறையையும் அது குழந்தைகளுக்கு ஏற்கவில்லை. முதலில் இந்த வயிற்றுவலிக்கும் ரத்தசோகைக்கும் காரணம் என்ன என்று தேட வேண்டும். அந்தத் தேடலில் கிருமியும் ஒரு சந்தேகப் புள்ளி, அவ்வளவே.

உங்கள் மகளின் எண்களைப் பார்ப்போம். எம்சிவி 66-ஐச் சிவப்பணு எண்ணிக்கை 4.1-ஆல் (41 லட்சம் என்பது 4.1 மில்லியன்) வகுத்தால் 16 வருகிறது. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா ட்ரெய்ட் (பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான வகை) இருக்குமோ என்று யோசிப்போம். 16-உம் ஃபெரிட்டின் 6-உம் சேர்ந்தால் அது இரும்புக் குறைபாடுதான். இரும்பு உள்ளே போகிறதா, போவது ஒட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் டானிக் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 'ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மி.கி.' என்று போட்டிருந்தால் அது உப்பின் எடை. அதில் உள்ள இரும்பு ஏறத்தாழ 33 மி.கி. தான். எத்தனை மி.லி.க்கு அந்த அளவு என்பதையும் பாருங்கள், சில பாட்டில்களில் அது 15 மி.லி.க்கு இருக்கும். 27 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்றால் நாளுக்குச் சுமார் 80 மி.கி. இரும்பு வேண்டும். பல வீடுகளில் 'மூன்று மாதம் கொடுத்தோம்' என்பது உண்மையாக இருக்கும், அளவு பாதிகூட எட்டியிருக்காது. ஃபெரிக் வகையைவிட ஃபெரஸ் வகை நன்றாக உறிஞ்சப்படும். பால், டீ, தயிர், ராகி மால்ட், சத்துமாவுக் கஞ்சி இவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் பாதி வீண். தைராய்டு மாத்திரையோடு கொடுத்தால் இரண்டுமே வீண். நடுவில் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இன்னொரு இடறல் ஓமெப்ரசோல். இரும்பு கரைய வயிற்று அமிலம் தேவை. அதை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இரும்பு ஏறவில்லையே என்று பார்க்கிறோம். தவிர, இந்த மாத்திரை போகும்போது மூச்சு, மலம், இரைப்பைத் திசு எதில் கிருமிப் பரிசோதனை எடுத்தாலும் கிருமி இருந்தே 'இல்லை' என்று வரலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதை நிறுத்துங்கள்.

டைப் 1 குழந்தைக்கு இரும்பு ஒட்டவில்லை என்றால் பைலோரிக்கு முன்னால் நான் தேடுவது சீலியாக் நோய், அதாவது கோதுமைப் புரதத்தால் வரும் சிறுகுடல் பாதிப்பு. தென்னிந்தியாவில் அது குறைவுதான், ஆனால் டைப் 1 உள்ளவர்களிடம் அதைத் தேடாமல் விடக் கூடாது. டிடிஜி ஐஜிஏ (சீலியாக்கில் ஏறும் ஆன்டிபாடி), அதோடு மொத்த ஐஜிஏ, இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். மொத்த ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு முதல் பரிசோதனை நெகட்டிவ் என்று ஏமாற்றும். எடுக்கும் வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரிப்போர்ட் பொய்யாகச் சுத்தமாக வரும்.

அடுத்தது ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ். அமிலம் சுரக்கும் செல்களை உடம்பே தாக்குவது. சர்க்கரையும் தைராய்டும் சேர்ந்த குழந்தை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், மூன்றும் ஒரே குடும்பத்து நோய்கள். பெரைட்டல் செல் ஆன்டிபாடியும் (அமிலம் சுரக்கும் செல்களுக்கு எதிரானது) வைட்டமின் பி12-உம் பார்த்துவிடலாம்.

ஆக, என் வரிசை இது: அமில மாத்திரையை நிறுத்துதல், சரியான அளவில் இரும்பு, சீலியாக் பரிசோதனை. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறினால் கிருமியைத் துரத்த வேண்டிய அவசரம் இல்லை. ஏறாவிட்டால், அல்லது டிடிஜி பாசிட்டிவ் வந்தால், அல்லது ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, ரத்த வாந்தி, கருப்பு மலம், எடை இறக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் எண்டோஸ்கோப்பி. அதைச் செய்யும்போது இரைப்பையில் குறைந்தது 6 திசுத் துண்டு எடுக்கச் சொல்லுங்கள்: திசுப் பரிசோதனைக்குக் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இரண்டிரண்டு, மீதி யூரியேஸ் பரிசோதனைக்கும் (கிருமியின் நொதியைப் பார்ப்பது) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது). அதே மயக்கத்தில் சிறுகுடலிலிருந்தும் சீலியாக்குக்குத் துண்டு எடுத்துவிட வேண்டும். இரண்டாவது முறை மயக்கம் கொடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

---

பொதுமருத்துவன் எழுதியது:

டாக்டர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இந்தக் கிருமி வயிற்றில் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதிலேயே தொற்றி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்நாள் முழுக்க இருக்கிறது. அப்படியானால் எண்டோஸ்கோப்பி செய்து கண்டுபிடித்தாலும் விட்டுவிடலாமே? அதுவும் சர்க்கரைக் குழந்தைக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் தேவையா?

---

குடல்நல மருத்துவர் எழுதியது:

நியாயமான கேள்வி. தொந்தரவில்லாத குழந்தையைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதை நானும் எதிர்க்கிறேன். வயிற்றுவலி மட்டும் உள்ள குழந்தைக்கு, எச்சரிக்கை அறிகுறி இல்லாதபோது, இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்பதுதான் வழிகாட்டியின் நிலையும். ஆனால் அல்சர் கண்ணில் பட்டால் கிருமியை அழித்தே ஆக வேண்டும். மற்றக் காரணங்கள் எல்லாம் விலகிய பிறகும் அடங்காத இரும்புக் குறைபாடு இருந்தால், அழிப்பதில் பொருள் இருக்கிறது. கிருமியால் வரும் அழற்சி இரண்டு வழியில் இரும்பைத் தடுக்கிறது: இரைப்பையின் அமிலமும் அங்கே சுரக்கும் வைட்டமின் சி-யும் குறைகின்றன, ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் உறிஞ்சிய இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் தடைபடுகிறது. கிருமியும் தன் பங்குக்கு இரும்பை எடுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் தாண்டி இரும்பு டானிக் மட்டும் ஜெயிப்பது கடினம்.

நாட்பட்ட தட்டணுக் (பிளேட்லெட்) குறைவு உள்ள குழந்தைக்கும் தேடிப் பார்க்கலாம், மூச்சு அல்லது மலப் பரிசோதனையே போதும். குள்ளமாக இருப்பதற்காகத் தேட வேண்டாம்.

எச்பிஏ1சி பற்றி அம்மா கேட்டதற்கு: கிருமியை அழித்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. டைப் 1 உள்ளவர்களிடம் மருந்துக்குக் கிருமி அடங்குவது சற்றுக் குறைவு, திரும்பத் தொற்றுவது சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொடுத்தால் முதல் முறையே முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இது கூடுதல் காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள். இரும்புக் குறைபாடு இருக்கும்போது எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்பு ஏறத் தொடங்கியதும் அது தானாகக் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து இன்சுலினைக் குறைக்கவோ, கிருமி போனதால்தான் என்று முடிவுகட்டவோ கூடாது. அந்தக் காலத்தில் விரல்குத்திப் பார்க்கும் அளவுகளைத்தான் நம்ப வேண்டும்.

---

மருந்துக்கடை ஜன்னல் (மருந்தாளுநர்) எழுதியது:

கிட் பற்றி நான் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் எச். பைலோரி கிட் பெரியவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஒரு வேளைக்கு ஒரு பட்டை, உள்ளே அமில மாத்திரை, அமோக்ஸிசிலின், கூடவே கிளாரித்ரோமைசின் அல்லது டினிடசோல். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். எடைக்குத் தகுந்தபடி ஒன்றைக் கூட்டவோ இன்னொன்றைக் குறைக்கவோ அதில் வழியில்லை. பெரும்பாலும் ஏழு நாள் கணக்கில் விற்கிறது. குழந்தைகளுக்கு வழிகாட்டி சொல்வது 14 நாள்.

25 முதல் 34 கிலோ வரை உள்ள குழந்தைக்கு வழிகாட்டியில் உள்ள அளவு: ஓமெப்ரசோல் அல்லது எசோமெப்ரசோல் 30 மி.கி. காலையும் இரவும், அமோக்ஸிசிலின் 750 மி.கி. இரண்டு வேளை, கிளாரித்ரோமைசின் காலை 500, இரவு 250, மெட்ரோனிடசோலும் அப்படியே காலை 500, இரவு 250. எந்த இரண்டு ஆன்டிபயாடிக் என்பதைக் கல்ச்சர் பார்த்து மருத்துவர் தேர்வு செய்வார். கல்ச்சர் இல்லையென்றால் அமோக்ஸிசிலினை 1000 மி.கி. ஆக இரண்டு வேளைக்கு உயர்த்தி மெட்ரோனிடசோலோடு சேர்ப்பது ஒரு வழி, பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறை இன்னொரு வழி. இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமி மிக அதிகம், கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு ஏறிவிட்டது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மூன்று மருந்து கிட் பலருக்குத் தோற்கிறது. இந்த அளவுகளை எழுதுவது உங்கள் மருத்துவச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். கடையில் கேட்டு வாங்க அல்ல.

அமில மாத்திரையின் அளவைப் பார்த்து 'குழந்தைக்கு இவ்வளவா' என்று பலர் பாதியாக்கிவிடுகிறார்கள். குழந்தையின் கல்லீரல் இந்த மருந்தைக் கிலோ கணக்கில் பெரியவர்களைவிட வேகமாகக் கரைத்துவிடும். அமிலம் அடங்கவில்லை என்றால் அமோக்ஸிசிலினும் கிளாரித்ரோமைசினும் அந்தப் புளிப்பில் வேலை செய்யாது. சிகிச்சை தோற்பதற்குக் கிருமியின் எதிர்ப்பும் தவறவிட்ட வேளைகளும் முக்கியக் காரணங்கள், இந்தப் பாதி அளவும் ஒரு காரணம்.

கேப்ஸ்யூலை விழுங்க முடியாத குழந்தைக்கு அதைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை ஆப்பிள் கூழிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கலந்து உடனே கொடுக்கலாம். மணிகளைப் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. பாலில் கலக்கக் கூடாது, மேல்பூச்சு அங்கேயே கரைந்து மருந்து வயிற்று அமிலத்தில் அழிந்துபோகும். சர்க்கரைக் குழந்தை என்பதால் ஒரு ஸ்பூன் கூழோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமோக்ஸிசிலின் ட்ரை சிரப்பில் தண்ணீர் சேர்த்தால் பெரும்பாலான பாட்டில்கள் ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும். 750 மி.கி. என்றால் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் ஒரு வேளைக்கு 15 மி.லி., நாளுக்கு 30 மி.லி. பாட்டில் கணக்கை முன்பே போட்டு, எல்லாவற்றையும் கலக்காமல் தூளாகவே வாங்கி வைத்துத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். பத்தாம் நாள் கடையில் சரக்கு இல்லை என்று நிற்கக் கூடாது. முடிந்தால் கேப்ஸ்யூலே கேளுங்கள், சிரப்பில் சர்க்கரை இருக்கும்.

நாளின் ஒழுங்கு இப்படி இருந்தால் எதுவும் மோதாது: எழுந்ததும் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்து ரெகுலர் இன்சுலின் ஊசியும் அமில மாத்திரையும் சேர்த்து (இரண்டுக்குமே சாப்பாட்டுக்கு அரை மணி முன் என்பதுதான் கணக்கு), பிறகு இட்லி, சாப்பிட்டு முடித்ததும் ஆன்டிபயாடிக். இரவும் அதேபோல், தைராய்டு மாத்திரை மட்டும் இல்லாமல். பள்ளியில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இரும்பை இந்த 14 நாளும் நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குமட்டல் குறையும், கருப்பு மலம் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்காது. பிஸ்மத்தும் மலத்தைக் கருப்பாக்கும், அதனால் அது இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பென்சிலின் அலர்ஜி இருந்தால் அமோக்ஸிசிலின் கிடையாது, சீட்டு எழுதும்போதே சொல்லுங்கள். வாந்திக்கு நீங்களாக டோம்பெரிடோன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது.

---

ஊசி நேரம் (சர்க்கரை நோய்க் கல்வியாளர்) எழுதியது:

மல்லிகைப்பந்தல் அம்மா, வாந்தி பேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களைப் போன்றவர்கள் அதிகம் பயப்படுவதும் அந்த இடத்தில்தான்.

ரெகுலர் இன்சுலினை அரை மணி முன்பே போட்டுவிடுகிறோம். அது 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். மெட்ரோனிடசோலும் கிளாரித்ரோமைசினும் வாயில் உலோகக் கசப்பைக் கொண்டுவரும், தட்டைப் பார்த்ததுமே பிள்ளை முகம் சுளிக்கும். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை என்றால் சர்க்கரை சரிந்துவிடும். ஆகவே தொடங்குவதற்கு முன்பே உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த இரண்டு வாரம் மட்டும் சாப்பாட்டு இன்சுலினை லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு வகைக்கு மாற்ற முடியுமா? அதைச் சாப்பிட்டு முடித்த கையோடு, உள்ளே போன அளவுக்கு மட்டும் போடலாம். மாற்ற முடியாவிட்டால் அரை மணி முன் போடும் ரெகுலரின் அளவை எந்தச் சூழலில் எவ்வளவு குறைப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளார்ஜினை எந்த நாளும் நிறுத்தக் கூடாது. ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாலும் நிறுத்தக் கூடாது. அளவு குறையலாம், ஊசி நிற்கக் கூடாது. 'சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு' என்று தாத்தா பாட்டி தடுக்கும் வீடுகளில்தான் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறிப் பிள்ளை அவசரப் பிரிவுக்குப் போகிறது.

சிகிச்சை நடக்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன், விடியற்காலை 3 மணி என்று சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே போனால் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், 27 கிலோவுக்கு 8 கிராம். வீட்டில் இருக்கும் குளுக்கோஸ் பவுடரை ஒரு தடவை சமையல் தராசில் எடைபோட்டு, எந்த ஸ்பூனில் எவ்வளவு வருகிறது என்று குறித்து வையுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட், பால் கொடுக்காதீர்கள், மெதுவாகத்தான் ஏறும். வாந்தி எடுத்தாலும், சர்க்கரை 250-க்கு மேல் நின்றாலும் கீட்டோன் பாருங்கள். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழ் என்றால் நிம்மதி. 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3 என்றால் உடனே ஆஸ்பத்திரி. சிறுநீர்ப் பட்டைதான் இருக்கிறது என்றால் நிறம் கருஞ்சிவப்புக்குப் போகும்வரை காத்திருக்காமல், நடுத்தர நிறத்திலேயே கூப்பிடுங்கள். சர்க்கரை அளவு சாதாரணமாக இருந்தும் கீட்டோன் ஏறலாம், வாந்தியில் அது அடிக்கடி நடக்கும்.

வாந்தி மருந்து விழுங்கிய சில நிமிடங்களிலேயே வந்து மாத்திரை வெளியே தெரிந்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தாங்கவே முடியவில்லை என்றாலும் நீங்களாக ஐந்தாம் நாள் நிறுத்திவிடாதீர்கள். அரைகுறையாக நின்ற மருந்து, அடுத்த முறை வேலை செய்யாத மருந்தாகிவிடும். பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தயங்க வேண்டாம். அதில் உள்ள குளுக்கோஸ் கொஞ்சம்தான், கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

தோலில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு: இரும்போடு வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் கொடுத்தால் சில சென்சார்கள் சர்க்கரையை உண்மையைவிட ஏற்றிக் காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் ஆபத்து. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போதும்.

எண்டோஸ்கோப்பி என்று முடிவானால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். கிளார்ஜின் போட்டிருக்க வேண்டும், சாப்பாட்டு ஊசி இல்லை, மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும், ட்ரிப்பில் டெக்ஸ்ட்ரோஸ் தயாராக இருக்க வேண்டும். மயக்க மருத்துவரிடம் டைப் 1 என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

---

வெள்ளைச்சங்கு கேட்டது:

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். அக்கா மகனுக்கு 11 வயது, வலிப்புக்குக் கார்பமசெபைன் எடுக்கிறான். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் தொடக்கத்தில் அல்சர், கிருமியும் உறுதி. கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கிறார்கள். நாளை தொடங்க வேண்டும். பிரச்சினை உண்டா?

---

மருந்துக்கடை ஜன்னல் எழுதியது:

உண்டு. தொடங்கும் முன் இன்றே எழுதியவரையும் நரம்பு மருத்துவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கார்பமசெபைனைக் கல்லீரல் உடைக்கும் வழியைக் கிளாரித்ரோமைசின் அடைத்துவிடும். சில நாளிலேயே அளவு ஏறி, தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், பொருள் இரண்டாகத் தெரிதல், வாந்தி என்று வரும். வாந்தியை 'ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அதற்காகக் கார்பமசெபைனை நீங்களாக நிறுத்தினாலோ வலிப்பு வந்துவிடும். மெட்ரோனிடசோல் முறைக்கு மாற்றுவதுதான் வழக்கமான தீர்வு. லெவெடிரசெட்டம் எடுப்பவர்களுக்குக் கிளாரித்ரோமைசினால் இந்தத் தொல்லை இல்லை. ஃபெனிட்டோயின் எடுப்பவர்களுக்கு மெட்ரோனிடசோலையும் கவனிக்க வேண்டும், அது அளவை ஏற்றும்.

மற்ற நாட்பட்ட நோய்க் குழந்தைகளின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்த்து எழுதுகிறேன். சிறுநீரகம் மாற்றிய குழந்தை டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுத்தால் கிளாரித்ரோமைசின் அதன் அளவைச் சில நாளில் எகிறவைத்துப் புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். முடிந்தவரை வேண்டாம். மெட்ரோனிடசோலிலும் அளவு ஏறலாம், ஆகவே எதைக் கொடுத்தாலும் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், நிறுத்திய பிறகும் பார்க்க வேண்டும். தசைச்சிதைவுக்கு டெஃப்லாசகார்ட் எடுக்கும் பையனுக்குக் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் டெஃப்லாசகார்ட்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று அதன் லேபிளே சொல்கிறது. ரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் போகும்போது கிளாரித்ரோமைசின் வேண்டவே வேண்டாம், நரம்பு பாதிக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் மூட்டுவாதக் குழந்தைக்கு அமோக்ஸிசிலினும் அமில மாத்திரையும் அந்த மருந்து உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதான குழந்தைக்குப் பிஸ்மத் கூடாது, அமோக்ஸிசிலின் அளவும் குறைய வேண்டியிருக்கும்.

பழைய சீட்டு, புதிய சீட்டு, டானிக் பாட்டில், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டிலைப் பார்த்தேன், டாக்டர் சொன்ன அதே உப்பு, 15 மி.லி.க்கு 160 மி.கி. நாங்கள் கொடுத்தது நாளுக்கு 10 மி.லி. ஓமெப்ரசோலை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டேன், டிடிஜிக்கு ரத்தம் கொடுத்தாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். எண்டோஸ்கோப்பிக்குப் பதில் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது, மாத்திரை விழுங்கி ஊதினால் போதும் என்கிறார்கள். அது போதாதா? வீட்டில் 4 வயதுத் தம்பி இருக்கிறான், மாமியாருக்கு அல்சர் இருந்தது. அவர்களுக்கும் பார்க்க வேண்டுமா?

---

குடல்நல மருத்துவர் எழுதியது:

10 மி.லி. என்றால் சுமார் 22 மி.கி. இரும்பு. தேவையில் கால்பங்குதான். உங்கள் மகளின் உடம்பு இரும்பை மறுக்கிறது என்று சொல்வதற்கே இன்னும் இடமில்லை. சரியான அளவில் நான்கு வாரம் கொடுத்துவிட்டு ஹீமோகுளோபின் பாருங்கள். ஏறத் தொடங்கினாலும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும். ஃபெரிட்டினைக் காய்ச்சல், சளி இல்லாத நாளில் எடுங்கள், அழற்சியில் அது பொய்யாக ஏறும்.

மூச்சுப் பரிசோதனை நல்லதுதான், ஆனால் அதற்கு உரிய இடம் சிகிச்சை முடிந்த பிறகு. முதலில் செய்தால் கிருமி இருப்பதைச் சொல்லும். அல்சர் இருக்கிறதா, சீலியாக் இருக்கிறதா, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைச் சொல்லாது. செய்வதென்றால் கார்பன்-13 வகையா என்று கேளுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை. கார்பன்-14 கேப்ஸ்யூலில் கதிர்வீச்சு மிகக் குறைவு என்றாலும் குழந்தைக்கு முதல் வகையையே தேர்ந்தெடுங்கள். வெறும் வயிற்றில் முதல் ஊதல், யூரியா குடித்து 30 நிமிடத்தில் இரண்டாவது ஊதல். காலையில் முதல் ஆளாகப் போங்கள், சாப்பாட்டு ஊசியை முடிந்த பிறகு சாப்பாட்டோடு போடுங்கள். நடுவில் சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ் கொடுத்துவிட்டுப் பரிசோதனையை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இந்தப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது அதிகம். வாயிலுள்ள மற்றப் பாக்டீரியாக்களும் யூரியாவை உடைக்கும், சிறு உடம்பு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் குறைவு.

மூச்சுப் பரிசோதனை கிடைக்காத ஊரில் மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பார்க்கலாம். லேப்பில் செய்யும் மோனோகுளோனல் எலைசா முறையாக இருக்க வேண்டும், அட்டையில் இரண்டு கோடு வரும் உடனடிப் பரிசோதனை அவ்வளவு நம்பகம் இல்லை. பேதி நாளில் எடுத்த நீர்த்த மலம் வேண்டாம். எடுத்ததை ஃபிரிட்ஜில் வைத்து அன்றே லேப்பில் கொடுங்கள். இரண்டு பரிசோதனைக்கும் கணக்கு ஒன்றே: ஆன்டிபயாடிக் நிறுத்திக் குறைந்தது 4 வாரம், அமில மாத்திரை நிறுத்திக் குறைந்தது 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். வலி போய்விட்டது என்பதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஐஜிஜியை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் வீண், அது இறங்க வெகுகாலம் ஆகும். பாசிட்டிவ் வந்தால் அதே மருந்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. முன்பு கிளாரித்ரோமைசின் போயிருந்தால் இரண்டாவது சுற்றில் அது கிடையாது.

தம்பிக்குத் தொந்தரவு இல்லை என்றால் பரிசோதனை வேண்டாம். பாட்டியின் கதை வேறு. அல்சர் இருந்த பெரியவர் கிருமிக்கு மருந்து முழுதாக எடுத்தாரா, போய்விட்டதா என்று பார்த்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்குப் பரிசோதனை தேவை, அவர் நலனுக்காகவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இலேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே இது தொற்றுகிறது: வாயிலிருந்து வாய்க்கு, வாந்தியிலிருந்து, கழிவறைக் கையிலிருந்து. பெரியவர்கள் மென்று ஊட்டுவது, ஊட்டும் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பது இரண்டையும் நிறுத்துங்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் துடைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தம்பிக்குச் சோறு பிசைய வேண்டும்.

டிடிஜி வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.